கூரையில் ஏறிய சாமான்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலைக் காபியை முடித்துக்கொண்டு பத்திரிகையைப் பிரித்தேனோ இல்லையோ, வாசலில் மோட்டார் வண்டி ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இருபது வருஷங்களுக்கு முன் என்னிடம் கணக்குப் படித்த மாணவன் ஒருவன் இறங்கி வந்தான். பின்னால் அவனுடைய மனைவியும் பத்து வயதுப் பெண் குழந்தையும் வந்தார்கள். வண்டி புத்தம் புதிது. ஐந்து கதவுள்ள ஜிம்னி. நான்கு சக்கரங்களையும் எஞ்சின் ஒருங்கே சுழற்றக்கூடிய ஜாதி.

"ஸார், புரட்டாசியில் குடும்பத்தோடு ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். சென்னையிலிருந்து வண்டியிலேயே போய் வண்டியிலேயே திரும்புவதாக உத்தேசம். நீங்கள் இரண்டு தடவை போய் வந்தவராயிற்றே! வண்டிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு ஜாபிதா போட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றான்.

குழந்தையின் பள்ளிக்கூடத்துக்கு மூன்று வாரம் லீவு போடப் போவதை ஒரு வாத்தியாரிடமே வந்து இவ்வளவு தைரியமாகச் சொல்லுகிறானே என்று நினைத்துக்கொண்டேன். ஆயினும் ஜாபிதாவை வாங்கிப் பார்த்தேன்.

ஸ்பிதியைப் பற்றி அறியாத நேயர்களுக்கு இரண்டு வார்த்தை. அது ஹிமாசலப் பிரதேசத்தில் திபெத் எல்லையை ஒட்டிய குளிர்ப் பாலைவனம். அதன் முக்கிய ஊரான காஸா, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக ஒரு பாதை. மணாலியிலிருந்து குன்ஸும் கணவாய் வழியாக மற்றொன்று. கணவாயின் உயரம் 4,500 மீட்டருக்கு மேல். அதற்கு இப்பால் கிராம்பூ வரையில் உள்ள பகுதியில் பாதை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் கல்லும், மணலும், குறுக்கே ஓடும் பனி நீர் ஓடைகளுமே.

ஜாபிதா இரண்டு பக்கம் நீண்டிருந்தது. கூரையின் மீது இரும்புக் கேரியர். அதன் மீது மடக்குக் கூடாரம். இரண்டு தகரத்தில் நாற்பது லிட்டர் பெட்ரோல். இரண்டாவது ஸ்டெப்னி. முன்னால் இரும்பு பம்பர்; அதில் வண்டியை இழுக்கும் வின்ச். நாற்பது லிட்டர் தண்ணீர். அடுப்பு, பாத்திரம், துணிமணி, ஆயுதப் பெட்டி. எல்லாவற்றையும் படித்துவிட்டு, "வண்டியின் கையேடு எங்கே?" என்று கேட்டேன்.

கையேடு இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது!

"சரி, பழையபடி கணக்கு வகுப்பு ஆரம்பமாகட்டும்" என்று சொல்லிக் குழந்தையின் கையில் காகிதமும் பென்ஸிலும் கொடுத்தேன். வண்டியின் சொந்த எடை 1,195 கிலோ. ஆளும் சாமானும் ஏறிய பிறகு மொத்தம் 1,545 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது செய்தவர்கள் விதித்த வரம்பு. ஆக, ஏற்றக்கூடியது 350 கிலோ. மாணவன் 75 கிலோ, மனைவி 58, குழந்தை 32, மாறி மாறி வண்டி ஓட்டுவதற்காக உடன் வரும் மைத்துனன் 72. கூட்டினால் 237. மிச்சம் 113 கிலோ. பின்பு ஜாபிதாவில் உள்ளவற்றுக்கு ஒவ்வொன்றாக எடை போட்டோம். கேரியர் 35, கூடாரம் 55, பெட்ரோலும் தகரமும் 38, தண்ணீர் 40, பம்பர் 40, வின்ச் 25, ஸ்டெப்னி 22, அடுப்பு வகையறா 20, துணி 40, ஆயுதங்கள் 25.

குழந்தைதான் கூட்டிச் சொன்னாள்: "முந்நூற்று நாற்பது, தாத்தா!"

ஐம்பது வயது நிரம்பாதவனைத் தாத்தா என்றதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. 113 கிலோ ஏற்ற வேண்டிய இடத்தில் 340 கிலோ. அதில் 150 கிலோ கூரையின் தலையில்! அதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. அதற்குக் காரணம் உண்டு. இதுவரை இந்தப் பகுதியில் அதை நான் எழுதியதில்லை.

1999-ஆம் வருஷம் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு நண்பர்கள் ஐவர் ஒரு பழைய ஜீப்பில் கொல்லிமலைக்குப் போனோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுகமாக ஏறிவிட்டோம். மேலே ஒரு மண் பாதையில்தான் விபத்து நேர்ந்தது. கூடாரம், சமையல் பாத்திரம், அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் கூரையின் மேல் ஏற்றிக் கட்டியவன் நான். எவ்வளவு கெட்டியாகக் கட்டினேன் என்று அன்று காலையெல்லாம் பெருமை அடித்துக்கொண்டும் இருந்தேன். மழை அரித்த ஓரிடத்தில் வண்டியின் இடது சக்கரங்கள் சற்றே தாழ்ந்தன. ஒரு ஜாண் தாழ்வுதான் இருக்கும். வெறும் வண்டியாக இருந்தால் குலுங்கிவிட்டுப் போயிருக்கும். ஆனால் கூரைப் பாரம் சாய்ந்த பக்கமாகவே இழுத்தது. ஜீப் மெதுவாக, மிக மெதுவாக, யானை படுப்பதுபோல் பக்கவாட்டில் சாய்ந்தது. நான் கட்டிய கயிற்றில் ஒரு முடிச்சுக்கூட அவிழவில்லை. இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்த நண்பரின் முழங்கால் அடியில் அகப்பட்டுக்கொண்டது. இன்று அவர் என்னுடைய பள்ளிக்கூடத்திலேயே தமிழாசிரியர். இத்தனை வருஷங்களாக அவரால் தரையில் சம்மணம் போட்டு உட்கார முடிவதில்லை. பந்தியில் அவருக்கு மட்டும் நாற்காலி போடுவார்கள். ஒரு நாளும் அவர் என்னைக் குறை சொன்னதில்லை.

இதைச் சொல்லி முடித்ததும் மாணவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இருந்தாலும் ஸார், 1955-ல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் லாண்ட் ரோவரில் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கே போனார்கள் அல்லவா? வண்டி கொள்ளாத சாமானோடுதானே போனார்கள்?" என்றான்.

"போனார்கள். செப்டம்பர் முதல் தேதி புறப்பட்டு, 1956 மார்ச் 6-ஆம் தேதி சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் எத்தனை வண்டியில் போனார்கள்?"

"இரண்டு" என்று இழுத்தாற்போல் சொன்னான்.

அந்த இரண்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு வண்டி சேற்றில் புதைந்தால் மற்றது இழுக்கும். ஒன்று பழுதானால் மற்றது போய் ஆளைக் கூட்டி வரும். எந்தக் கடையிலும் விற்காத உபரிச் சாமான் அது. அவற்றுள் 'ஆக்ஸ்போர்டு' என்று பெயர் பெற்ற வண்டியைப் பின்னாளில் செப்பனிட்டு, 2019-ஆம் வருஷத்தில் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கே ஓட்டிச் சென்றார்கள். ஸ்பானரும் சுத்தியும் கொண்டு ரிப்பேர் செய்யக்கூடிய எளிய வண்டியாதலால் அது சாத்தியமாயிற்று.

மைத்துனனிடம் பழைய ஜிப்ஸி ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிய வந்தது. அவனும் ஒரு நண்பனும் அதில் தனியே வரட்டும் என்று முடிவு செய்தோம். ஜாபிதாவில் பாதி அந்தக் கணமே அடிபட்டுப் போயிற்று. துணைக்கு வண்டி இருக்கையில் வின்ச் எதற்கு? ஊருக்கு ஊர் தங்குமிடம் இருக்கையில் கூடாரம் எதற்கு? இரண்டும் போனால் கேரியரும் இரும்பு பம்பரும் எதற்கு? மேலும் அத்தகைய இரும்புத் தடுப்புகளைப் பொருத்துகிறவர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய சர்க்கார் மாகாணங்களுக்கு எழுதிவிட்டது. எதிரே வரும் பாதசாரிக்கு அது எமன். மோதும்போது விரிந்து காப்பாற்ற வேண்டிய காற்றுப் பைகளையும் அது குழப்பிவிடலாம்.

அடுத்தது பெட்ரோல். காஸாவில் பெட்ரோல் கிடைக்கும். அங்கிருந்து குன்ஸும் வழியாக மணாலி சுமார் 200 கிலோமீட்டர். கல்லுப் பாதையில் சின்ன கியரில் ஊர்ந்து, லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்தான் போகும் என்று வைத்துக்கொண்டாலும் இருபது லிட்டர் போதும். வண்டியின் தொட்டியோ நாற்பது லிட்டர் கொள்ளும். தகரத்தில் பெட்ரோலைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வெயிலில் போக வேண்டிய அவசியம் என்ன? காஸாவில் தொட்டியை நிரப்பிக்கொண்டால் கவலை தீர்ந்தது.

பாரத்தைக் குறைக்க வேண்டியதற்கு மலையிலேயே மற்றொரு காரணமும் இருக்கிறது. 4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் நூற்றுக்கு 57 பங்குதான். எஞ்சினும் நம்மைப் போலவே மூச்சு விடும் பிராணி. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், அங்கே கிட்டத்தட்டப் பாதிப் பலத்தோடுதான் வேலை செய்யும். சென்னையில் சுமையைப் பொருட்படுத்தாத வண்டி குன்ஸும் ஏற்றத்தில் திணறும். அங்கே கைகொடுப்பது, நான்கு சக்கரத்தோடு சேர்ந்த 'லோ' கியர். இறக்கத்திலும் அதுவே தோழன்; எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கையே நம்பி மைல் கணக்கில் இறங்கினால் அது காய்ந்துபோகும். பிரேக் எண்ணெய் நாளாவட்டத்தில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், சூட்டில் ஆவியாகிப் பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கும். ஆகவே புறப்படுமுன் அந்த எண்ணெயை மாற்றுவது வாசலுக்கு அழகான விளக்கு மாட்டுவதைவிட முக்கியம்.

நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. காய்ந்த தார்ச் சாலையில் அதைப் போட்டு ஓட்டக்கூடாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீளமான வட்டத்தில் ஓடுகின்றன. இந்த ஜாதி வண்டியில் இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டால், மண்ணிலும் மணலிலும் சக்கரம் சிறிது வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை. சங்கடமெல்லாம் கியர்ப் பெட்டியின் தலையில் விழும்.

டயருக்கு வருவோம். பெரிய டயர் மாட்டி வண்டியை உயர்த்த வேண்டும் என்பது மாணவனின் ஆசை. உயர்ந்த வண்டி சுலபமாகச் சாயும் என்பதை அவன் கொல்லிமலைக் கதையிலிருந்தே தெரிந்துகொண்டான். தவிர, சக்கரம் பெரிதானால் எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் வேலை அதிகம்; வேகம் காட்டும் முள்ளும் பொய் சொல்லும். சட்டத்தின் ஆட்சேபமும் வரலாம். கையேட்டில் கண்ட அளவிலேயே, கல்லுக்கும் மண்ணுக்கும் ஏற்ற கனத்த டயர் நான்கும், ஸ்டெப்னிக்கு ஒன்றும் வாங்கச் சொன்னேன். மற்றபடி மந்திரமெல்லாம் காற்றில்தான் இருக்கிறது. தார்ச் சாலையில் 30 பவுண்டு காற்று இருந்தால், மணலிலும் கற்குவியலிலும் 20 பவுண்டுக்கு இறக்கிவிட்டு மெதுவாகப் போக வேண்டும். டயர் நீளமாகப் பதிந்து தரையைப் பற்றும். கல் குத்துவதும் குறையும். தார் வந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். இதற்கு வேண்டியவை அழுத்தம் காட்டும் சிறு கருவி ஒன்றும், பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும். இரண்டும் சேர்ந்து நான்கு கிலோ இருந்தால் அதிகம்.

பனி நீர் ஓடைகளுக்கு ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக் குழாய் மாட்டலாமா என்று கேட்டான். அது எஞ்சினின் மூக்கை மட்டுமே உயர்த்தும்; மின்சாரக் கம்பிகளையும், வெள்ளம் வண்டியைத் தள்ளுவதையும் அது அறியாது. அந்த ஓடைகள் பகல் வெயிலில் பனி உருகி மாலையில் பெருகுபவை. விடியற்காலையில் ஒடுங்கி இருப்பவை. ஆகவே காஸாவிலிருந்து திரும்பும்போது லோசர் கிராமத்தில் தங்கி, விடியுமுன் புறப்பட வேண்டும். அது காசு செலவில்லாத ஸ்நார்க்கல்! நடந்து கடக்கப் பயமாயிருக்கும் ஓடையை வண்டியில் கடக்கலாகாது. நடுநீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி கிளப்பவும் கூடாது. நீரைக் காற்றைப் போல் அமுக்க முடியாதாதலால், உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் எஞ்சினின் இரும்புத் தண்டே வளைந்துவிடும்.

புதைந்த வண்டியை மீட்பதற்கு முதல் ஆயுதம் மண்வெட்டி, இரண்டாவது, சக்கரத்தின் கீழே கொடுக்கும் பற்பலகை இரண்டு, மூன்றாவது கயிறு. கயிற்றை வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்ந்த கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். பம்பரிலோ, டிரெய்லர் இழுக்கும் உருண்டையிலோ மாட்டினால், இழுக்கும் வேகத்தில் அது பிய்த்துக்கொண்டு பீரங்கிக் குண்டுபோல் பறக்கும். அயல் நாடுகளில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. கயிறு இழுபடும்போது குழந்தை கயிற்றின் நீளத்துக்கு இரண்டு பங்கு தூரத்தில் நிற்க வேண்டும் என்று அவளிடமே சொல்லிவைத்தேன்.

அன்று மாலை எங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு பரீட்சை நடந்தது. கணவன் மனைவி இருவரும் தனித்தனியே சக்கரத்தைக் கழற்றி மாட்ட வேண்டும். மாணவன் இதற்குமுன் அந்த வேலையைச் செய்ததே இல்லை! ஈர மண்ணில் ஜாக்கி இறங்கிக்கொண்டே போயிற்று. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு சதுரப் பலகை வேண்டும் என்பதை அவன் அங்கே கற்றுக்கொண்டான். அவன் மனைவி அவனைவிட ஆறு நிமிஷம் முன்னதாக முடித்தாள். இதை அவன் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

வண்டியை விட மனிதர்களைத் தயார் செய்வது கடினம். உயரத்தில் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வருவதைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. 3,000 மீட்டருக்கு மேல், இரவில் படுக்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது நல்லது. ஆகையால் மணாலி வழியாக ஒரேயடியாக ஏறாமல், ஸிம்லா வழியாகக் கல்பாவில் இரண்டு இரவு, பிறகு தாபோ, பிறகு காஸா என்று படிப்படியாக ஏறி, குன்ஸுமைக் கடைசியில் கடக்கும்படி வழியைத் திருப்பிப் போட்டோம். யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால், காரணம் ஆராயாமல் கீழே இறங்க வேண்டும். வைத்தியரையும் முன்கூட்டிப் பார்த்துவிட வேண்டும்.

புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே எல்லாச் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஏற்காடு பக்கம் ஒரு சிறு பிரயாணம் போய்வரச் சொன்னேன். போய் வந்தபின் ஒவ்வொரு திருகையும் மெக்கானிக்கைக் கொண்டு மறுபடி முடுக்கச் செய்தான். அந்தப் பிரயாணத்தில் ஒரு முறைகூடத் தொடாத சாமான் பதினொன்று இருப்பதாகக் குழந்தை எழுதி வந்தாள். முதலுதவிப் பெட்டியையும் ஆயுதங்களையும் தவிர்த்து, மற்றவற்றை வீட்டிலேயே இறக்கிவிட்டார்கள்.

கடைசியாக வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோனோம். ஆட்கள் மூவர் 165 கிலோ. தண்ணீர் 30, கம்பளி உட்படத் துணி 30, ஆயுதமும் உதிரிப் பாகமும் 18, மண்வெட்டி, பலகை, கயிறு, பம்பு 17, அடுப்பும் ஆகாரமும் 15. ஆக 110 கிலோ. பின் ஆசனத்தில் ஒரு பாதியை மடக்கி, கனமானவற்றை அடியில் வைத்து, திடீர்ப் பிரேக்கில் எதுவும் குழந்தையின் மீது பாயாதபடி வார்ப்பட்டையால் இறுக்கியிருந்தோம். மேடை 1,470 என்று காட்டியது. "இன்னும் 75 கிலோ இடம் இருக்கிறதே, ஸார்! கூடாரத்தை எடுத்துக்கொள்ளலாமா?" என்றான் மாணவன். ஆசை எளிதில் விடுமா? அந்த 75 கிலோவை மலைக்கே விட்டுவிடும்படி சொன்னேன்.

புரட்டாசியில் அவர்கள் புறப்பட்ட அன்று என் தமிழாசிரிய நண்பரும் வழியனுப்ப வந்திருந்தார். எல்லோரும் பூசணிக்காயையும் எலுமிச்சம்பழத்தையும் கவனித்துக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் காலைச் சற்று இழுத்தவாறே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு கையை நீட்டிக் கூரையைத் தடவிப் பார்த்தார்.

"ஒன்றும் இல்லையே?" என்று என்னைக் கேட்டார்.

"ஒன்றும் இல்லை" என்றேன்.

இருபத்தொரு நாள் கழித்து மூவரும் சுகமாகத் திரும்பி வந்தார்கள். குன்ஸும் கணவாயில் பொறுக்கிய ஒரு கூழாங்கல்லைக் குழந்தை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். எடை எவ்வளவு என்று கேட்டேன். நூற்றிருபது கிராம் என்று உடனே பதில் வந்தது!